1971 வங்கதேசப் போர்க்கால உறைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கோவை_கவர்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இந்தியத் தபால்தலைகளைத்தான் ஆல்பத்தில் சேர்த்து வந்தேன். இனிமேல் ஒரே ஒரு காலகட்டத்தைப் பிடித்துக்கொண்டு தபாலில் போய்வந்த உறைகளாகச் சேர்க்க ஆசை. கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசம் ஆன காலம், அதாவது 1971 மார்ச் முதல் 1973 வரை என்று முடிவு செய்திருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் உறைகளும் மனதில் இருந்தன, ஆனால் அந்த விலைக்கு நான் வீட்டை அடகு வைக்க வேண்டும்.

ஏலத் தளம் ஒன்றில் ஒரு லாட் (மொத்தமாக விற்கும் கட்டு) கண்ணில் பட்டது. பாகிஸ்தான் தலைகள் மேல் 'பங்களாதேஷ்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவை, நூற்றுக்கும் மேல், எல்லாமே பயன்படுத்தாதவை. ஊதா, கறுப்பு, பச்சை என்று பல நிறம், ஆங்கிலத்தில் சில, வங்காளத்தில் சில, இரண்டும் சேர்ந்தும் சில. அதே ஆளிடம் 1972 பிப்ரவரியில் ரங்பூரிலிருந்து டாக்காவுக்குப் போன ரிஜிஸ்டர் உறை ஒன்றும் இருக்கிறது. மொத்த லாட்டுக்கு என்ன விலையோ அதே விலையை அந்த ஒற்றை உறைக்குக் கேட்கிறார். எதை எடுப்பது?

முத்திரை_மூர்த்தி

உறையை எடுங்கள். லாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் காலையில் தபால் ஆபீஸ் கதவைத் திறந்தால் அலமாரியில் இருப்பது முழுக்கப் பாகிஸ்தான் தலை. புதிய அரசிடம் ஊர் ஊராக அனுப்ப சொந்தத் தலை கிடையாது. அதனால் இருக்கிற சரக்கின் மேலேயே நாட்டின் பெயரைக் குத்தி விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எப்படிக் குத்துவது, எந்த எழுத்தில், எந்த மையில் என்பதற்கு ஒரே அளவுகோல் இல்லை. ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர் என்ன செய்து கொடுத்தாரோ அது. சில்ஹெட்டில் ஒரு மாதிரி, குல்னாவில் ஒரு மாதிரி, ஒரே ஊரில் இரண்டு ஆபீஸில் இரண்டு மாதிரி. சில இடங்களில் ஒரு ஸ்டாம்ப் தேய்ந்துபோய் இன்னொன்று செய்தார்கள். தபால் அட்டை, அச்சிட்ட உறை, ரெவின்யூ ஸ்டாம்ப் வரைக்கும் குத்தினார்கள். 1973 ஏப்ரல் கடைசியில் அன்றாடப் பயன்பாட்டுக்கான சொந்தத் தலைகள் வரிசையாக வரும் வரை இந்தக் குத்துத் தலைகள் ஓடின.

இப்போது நீங்களே யோசியுங்கள். பாகிஸ்தான் தலை அன்றைக்குக் கடலளவு கிடைத்தது. ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எட்டணா செலவு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் புது நாட்டுத் தலை என்று வெறிபிடித்து வாங்கினார்கள். வியாபாரி சும்மா இருப்பாரா? தபால் ஆபீஸ் பக்கமே போகாத குத்துகள் மூட்டை மூட்டையாக வந்தன. பத்து ரூபாய்த் தலை, நினைவுத் தலை, பத்து வருடம் முன்பே விற்பனை நின்றுபோன தலை என்று எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். பயன்படுத்தாத தனித் தலையை வைத்துக்கொண்டு எது ஆபீஸில் குத்தியது, எது வியாபாரி வீட்டுத் திண்ணையில் குத்தியது என்று பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. உறையில் இருந்தால் ஊர், தேதி, கட்டணம், போய்ச் சேர்ந்த இடம் எல்லாம் கூடவே நிற்கும்.

தலைப்பித்தன்

மூர்த்தி சார் எப்போதுமே உறைக் கட்சி. தலைகளுக்காக ஒருவர் பேச வேண்டாமா?

இந்தப் பிரிவினையின் தபால்தலைக் கதைக்கு உண்மையான ஆரம்பம் டிசம்பர் 1971 அல்ல, ஜூலை 29, 1971. வங்கதேசத்தின் தற்காலிக அரசான முஜிப்நகர் அரசு வெளியிட்ட 8 தலைகள். நாடு கையில் வருவதற்கு நாலரை மாதம் முன்பே தலை வந்துவிட்டது. 10 பைசாவில் தொடங்கி 10 ரூபாய் வரை, மொத்த முகமதிப்பு 21 ரூபாய் 80 பைசா. வடிவமைத்தவர் லண்டனில் இருந்த பிமான் மல்லிக். இவர்தான் 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு பிரிட்டன் வெளியிட்ட தலையையும் வரைந்தவர். அச்சிட்டது லண்டனின் ஃபார்மட் இன்டர்நேஷனல்.

ஒவ்வொரு தலையும் ஒரு வாதம். 20 பைசாவில் மார்ச் 25 இரவு டாக்கா பல்கலைக்கழகப் படுகொலை. 50 பைசாவில் ஏழரைக் கோடி மக்கள். 2 ரூபாயில் 1970 தேர்தல் முடிவு, கிழக்கின் 169 இடங்களில் 167 அவாமி லீக் கட்சிக்கு. 5 ரூபாயில் அந்தக் கட்சியின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான், அவரோ அப்போது மேற்குப் பாகிஸ்தான் சிறையில். 10 ரூபாய்த் தலை 'வங்கதேசத்தை ஆதரியுங்கள்' என்று நேராகவே கேட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஏதோ மாவட்டத் தபால் ஆபீஸ் ஊதா மையைக் கொண்டாடுவதா?

முத்திரை_மூர்த்தி

தலை அழகுதான், நானே வைத்திருக்கிறேன். என் கேள்வி வேறு. அந்த 8 தலைகள் எத்தனை கடிதத்தைச் சுமந்தன? விற்றது பெரும்பாலும் லண்டனிலும் கல்கத்தாவிலும், வாங்கியது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆட்களும் அனுதாபிகளும். முதல் நாள் உறை (தலை வெளியான நாளிலேயே முத்திரை போட்ட நினைவு உறை) என்று கிடைப்பவை குவியல் குவியலாக உண்டு, பாதிக்கு மேல் முகவரியே கிடையாது. விடுவிக்கப்பட்ட எல்லைப் பகுதிகளில் வங்க விடுதலைப் படையான முக்தி வாகினியின் தபால் நிலையங்கள் இயங்கின என்பார்கள். அங்கிருந்து உண்மையிலேயே ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு எழுதிய கடிதம், இந்தத் தலை ஒட்டி, போய்ச் சேர்ந்த அடையாளத்தோடு இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன். முதல் நாள் உறையைக் காட்டாதீர்கள்.

தலைப்பித்தன்

அப்போ அது தபால்தலையே இல்லை, பிரச்சாரச் சீட்டு என்கிறீர்களா? அந்த நாடு ஜூலை 29-ஐத்தான் தன் தபால்தலை நாளாகக் கொண்டாடுகிறது. அவர்களே ஒத்துக்கொண்டதை நாம் கோவையிலும் சென்னையிலும் உட்கார்ந்து மறுக்க முடியாது.

முத்திரை_மூர்த்தி

சீட்டு என்று நான் சொல்லவே இல்லை. அரசு வெளியிட்டது, விடுதலைக்குப் பிறகு செல்லுபடியும் ஆனது. டிசம்பர் 20 அன்று அதே வரிசையில் 10 பைசா, 5 ரூபாய், 10 ரூபாய் மூன்றுக்கும் 'வங்கதேசம் விடுதலை' என்று மேலச்சு (அச்சான தலை மேல் கூடுதலாக அச்சிடும் எழுத்து) போட்டு வெளியிட்டார்கள். மிச்ச ஐந்து மதிப்புகளும் அதே மேலச்சோடு லண்டனில் கிடைத்தன, ஆனால் வங்கதேசத்துக்குள் விற்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. 1972 பிப்ரவரி 1-ல் இந்தத் தலைகளை விற்ற லண்டன் ஏஜென்சி இன்னும் ஒரு படி மேலே போய், கொடி, வரைபடம், முஜிப் படங்களைப் புது நிறத்தில், வங்கதேசத்தின் 'டக்கா' நாணயத்தில், 1 பைசாவிலிருந்து 5 டக்கா வரை 15 தலைகளாக வெளியிட்டது. வங்கதேச அரசு இவை செல்லாது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கும் சிலர் இந்த வரிசையை 'முதல் தலைகள்' என்று விற்கிறார்கள். கோவை நண்பர் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விடுதலைக்குப் பின் மேலச்சு இல்லாமல் புதிதாக வந்த முதல் தலை 1972 பிப்ரவரி 21, மொழித் தியாகிகள் நினைவுச் சின்னம், 20 பைசா. அதை அச்சடித்தது நம் நாசிக் அச்சகம்.

பழைய_இன்லேண்ட்

இடையில் ஒரு சின்னச் செருகல். அந்த லண்டன் தபால்தலைத் திட்டத்துக்கு ஓடியாடி வேலை செய்தவர் ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் எம்.பி., முன்னாள் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் வேறு. 1974 நவம்பரில் மியாமி கடற்கரையில் உடைகளை விட்டுவிட்டுக் காணாமல் போனார். மூழ்கிவிட்டார் என்று இங்கிலாந்தே இரங்கல் எழுதியது. அடுத்த மாதம் மெல்போர்னில் வேறு பெயரில் பிடிபட்டார்! பாஸ்போர்ட் மோசடி முதல் பணமோசடி வரை பல குற்றங்களுக்காகச் சிறைக்கும் போனார். தலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கோவை_கவர்

அருமை. சரி, ரங்பூர் உறையின் முன்பக்கப் படம் இணைத்திருக்கிறேன். மூன்று தலைகள், மூன்றிலும் ஊதா ஆங்கிலக் குத்து. ஒரு தலையில் குத்து தலையைத் தாண்டி உறையின் தாள் மேலும் கொஞ்சம் வழிந்திருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

முத்திரை_மூர்த்தி

நல்ல கேள்வி. விற்பனைக்கு முன்பே முழுத் தாளாகக் குத்தியிருந்தால் மை தாளில் வழிய வாய்ப்பே இல்லை. வழிந்திருக்கிறது என்றால் தலையை ஒட்டிய பிறகு குத்தியிருக்கிறார்கள். அப்படியானால் இரண்டு வழி. ஒன்று, கவுன்டரில் குத்தாத தலையைக் கண்ட குமாஸ்தா அங்கேயே டப்பென்று ஒன்று போட்டிருக்கலாம், ஆரம்ப வாரங்களில் இது நடக்கக்கூடியதே. இன்னொன்று, தபால் முடிந்து வந்த வெறும் பாகிஸ்தான் தலை உறையில் ஐம்பது வருடம் கழித்து யாரோ குத்தியிருக்கலாம்.

எதுவென்று கண்டுபிடிக்க ஒரே இடம்தான் பார்க்க வேண்டும்: குத்தும் தேதி முத்திரையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். எந்த மை அடியில், எந்த மை மேலே? தேதி முத்திரை மேலே ஏறியிருக்க வேண்டும். குத்து மேலே இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். முன்பக்கப் படத்தில் இது தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். விற்பவரிடம் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் படம் கேளுங்கள். பின்பக்கமும் கேளுங்கள். ரிஜிஸ்டர் என்பதால் பின்னால் குறைந்தது டாக்கா வந்து சேர்ந்த முத்திரை இருக்க வேண்டும், வழியில் ரயில் தபால் முத்திரையும் இருக்கலாம். இந்தக் காலத்துக்கு நான் ரிஜிஸ்டர் உறைகளையே முதலில் தேடச் சொல்வேன். ஒவ்வொரு கையும் ஒரு தேதி போட்டிருக்கும், மோசடிக்காரனுக்கு அத்தனை முத்திரையையும் செய்வது பெரிய தலைவலி.

அப்புறம் முகவரி. ஒரே பெயருக்கு, ஒரே கையெழுத்தில், இருபது ஊர்களிலிருந்து உறை வந்திருந்தால் அது சேகரிப்பாளர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது. போலி என்று அர்த்தமில்லை, ஆனால் அதற்கு மதிப்பு குறைவு. ஒரு மளிகைக் கடையிலிருந்து சணல் ஏஜென்டுக்குப் போன அழுக்கு உறை எனக்குப் போதும்.

ரேணுகா_திருச்சி

நான் சொல்ல வந்தது வேறு. இந்தச் சேகரிப்பைத் தொடங்க ஏலத் தளத்துக்கே போக வேண்டியதில்லை, உங்கள் வீட்டுப் பரணிலேயே தொடங்கலாம்.

கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்தச் செலவுக்காக 1971 நவம்பர் 15 முதல் நம் கடிதங்களுக்குக் கட்டணத்தோடு 5 பைசா அகதி நிவாரண வரி வைத்தார்கள். 1973 மார்ச் முடிய இருந்தது. முதலில் சிவப்பு நிறக் குடும்பக் கட்டுப்பாட்டு 5 பைசாத் தலையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் 'அகதி நிவாரணம்' என்று மேலச்சு. டிசம்பர் 1-ல் இதற்கென்றே தனித் தலை வந்தது. அரசு அலுவலகக் கடிதங்களுக்கு சர்வீஸ் தலையிலும் தனியாக உண்டு. நாசிக் சரக்கு வந்து சேராத இடங்களில் உள்ளூரிலேயே குத்திக்கொண்டார்கள். பெங்களூர், ஜெய்ப்பூர், கோவா குத்துகள் கேட்லாக்கிலேயே இருக்கின்றன. அப்போது சாதாரண உறைக் கடிதம் 20 பைசா, இன்லேண்ட் 15 பைசா. ஆக 25, 20 என்று கூட்டித் தலை ஒட்டியிருந்தால் அது இந்த வரிக் காலத்துக் கடிதம்.

திருச்சியில் பழைய பேப்பர் கடையில் கல்யாணப் பத்திரிகை உறை, எல்.ஐ.சி. நோட்டீஸ் உறை என்று எதை எடுத்தாலும் அந்தச் சிவப்புத் தலை இருக்கும். பத்து ரூபாய்க்கு மேல் யாரும் கேட்பதில்லை. எட்டயபுரத்திலிருந்து மண்ணச்சநல்லூருக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று எழுதிய கடிதத்திலும் வங்கப் போரின் செலவு ஒட்டியிருக்கிறது, பாருங்கள்.

தலைப்பித்தன்

அகதி நிவாரணம் எல்லாம் இந்தியச் சேகரிப்பு, மேடம். பிரிவினை அஞ்சல் வரலாற்றில் எப்படிச் சேரும்? அப்படிப் பார்த்தால் அந்த வருடம் விலை ஏறிய மண்ணெண்ணெய் ரசீதையும் சேர்க்கலாமே.

ரேணுகா_திருச்சி

மண்ணெண்ணெய் ரசீதில் தபால் முத்திரை இருந்தால் சேர்த்துக்கொள்வேன், சார் :)

உங்கள் 8 தலைகள் உலகத்திடம் ஆதரவு கேட்டன. இந்த 5 பைசா அந்த ஆதரவுக்குக் கொடுத்த விலை. ஒன்று சேரும், மற்றது சேராது என்பது என்ன நியாயம்? கண்காட்சியில் ஒரு பிரேமில் 16 பக்கம் வைக்கிறோம் என்றால், இரண்டு பக்கம் இதற்குக் கொடுக்காத சேகரிப்பு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

யாழ்_மடல்

வணக்கம், நான் கொழும்பிலிருந்து. எங்கள் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

1971 ஜனவரி கடைசியில் இந்திய விமானம் ஒன்றை லாகூருக்குக் கடத்திக்கொண்டுபோய் எரித்தார்கள். அதன் பின் பெப்ரவரி முதல் இந்தியா தன் வான்பரப்பில் பாகிஸ்தான் விமானங்கள் பறக்கத் தடை போட்டது. கராச்சிக்கும் டாக்காவுக்கும் நேர் பாதை இல்லாமல் போனது. பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவைச் சுற்றி, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நாட்டின் இரண்டு பாதிக்கும் இடையில் விமானத்தில் போன தபாலும் அந்த வழிதான். ஆகவே 1971 பெப்ரவரி முதல் டிசம்பர் வரை கராச்சி, லாகூர், டாக்கா இடையே போன வான்தபால் உறைகளையும் இந்தச் சேகரிப்பில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்று. அந்த உறைகளில் கொழும்பு முத்திரை இருக்காது, பை திறக்கப்படாமலே போனது. 'கொழும்பு வழி' என்று பெரிதாக ஒரு குத்தைக் காட்டி யாராவது விலை கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். புறப்பட்ட தேதியையும் சேர்ந்த தேதியையும் 1970 உறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

முத்திரை_மூர்த்தி

பிரமாதம். இந்த ஒன்பது மாத உறைகளைப் பலர் தொடுவதே இல்லை. குத்து இல்லை, வெறும் பாகிஸ்தான் தலை, என்ன சுவாரசியம் என்று விட்டுவிடுகிறார்கள். மார்ச் 26-க்குப் பிறகு டிசம்பர் 16 வரை கிழக்கில் தபால் ஓடியது பாகிஸ்தான் தலையில்தான், பாகிஸ்தான் நிர்வாகத்தில்தான். ஒரு பக்கம் சுதந்திரப் பிரகடனம், மறுபக்கம் கைபர் கணவாய் படம் போட்ட தலையில் மைமன்சிங்கிலிருந்து வழக்கம்போல் வாடகைப் பாக்கி கேட்டுக் கடிதம். எனக்கு அதில்தான் போர் தெரிகிறது. விலையும் இன்னும் ஏறவில்லை.

சில ஊர்கள் டிசம்பர் 16-க்கு முன்பே கைமாறின. யசோர் டிசம்பர் 7-லேயே விழுந்துவிட்டது. அந்த ஒன்பது நாளில் தேதியிட்டு, வங்கதேசக் குத்தோடு யசோர் உறை என்று நீட்டினால் முதலில் சந்தேகம், பிறகு லென்ஸ், கடைசியில்தான் பர்ஸ்.

ஃபீல்டுபோஸ்ட்

ராணுவத் தபாலை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பல வீடுகளில் அந்த வருடம் வந்த கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது. பெயர், நம்பர், யூனிட், '99 ஏ.பி.ஓ. வழி' என்று மட்டும் இருக்கும் (ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்). 56 என்றால் டெல்லி வழியாகப் பிரித்த தபால், 99 என்றால் கல்கத்தா வழி, அதாவது கிழக்குப் படைப்பிரிவு. முத்திரையிலும் எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) நம்பர்தான் இருக்கும், இடப் பெயர் கிடையாது, எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 99 ஏ.பி.ஓ. என்று பார்த்ததும் 'வங்கதேசத்திலிருந்து வந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். நாகாலாந்தில் இருந்தவருக்கும் அதே 99 தான். எஃப்.பி.ஓ. நம்பரும் தேதியும் சேர்ந்து எந்த டிவிஷனோடு போனது என்று உறுதியானால் மட்டுமே எல்லை தாண்டியது என்று சொல்லலாம். நம் படை 1972 மார்ச்சில் திரும்பிவிட்டது. அதனால் காலம் மிகக் குறுகியது, டிசம்பர் முதல் வாரத்திலிருந்து மார்ச் நடு வரை. உள்ளே கடிதம் இருந்தால் உறையிலிருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள். 'இங்கே ஆறு பெரிசு, மீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரு வரி இருந்தால் அது எந்த முத்திரையையும் விட நல்ல சாட்சி.

இன்னொரு பிரிவு போர்க் கைதித் தபால். சுமார் 93,000 பேர் இந்திய முகாம்களில் இருந்தார்கள், ராணுவத்தாரோடு அதிகாரிகளும் குடும்பங்களும் சேர்த்து. ஆக்ரா, மீரட், ராஞ்சி என்று பல ஊர்களில் முகாம். ஜெனீவா ஒப்பந்தப்படி கைதிக்கு மாதம் குறைந்தது 2 கடிதமும் 4 அட்டையும் எழுத உரிமை, தபால் கட்டணம் இல்லை. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நேர்த் தபால் 1971 டிசம்பரில் நின்றது, 1974-ல்தான் மீண்டும் தொடங்கியது. செஞ்சிலுவை வழியாகத்தான் போக்குவரத்து. தணிக்கை முத்திரை, முகாம் எண், செஞ்சிலுவை அடையாளம் எல்லாம் ஒரே உறையில் நிற்கும். 1974 ஏப்ரலோடு கடைசிக் கைதியும் போய்விட்டார், அதோடு இதுவும் முடிந்தது.

அதே நேரத்தில் மறுபக்கம் மேற்குப் பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட வங்காளிகள். அவர்கள் டாக்காவுக்கு எழுத நேர்வழி கிடையாது. லண்டனில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பி, அவர் வேறு உறையில் போட்டு டாக்காவுக்கு அனுப்புவார். இதில் பரிதாபம் என்னவென்றால் கடைசியில் கையில் கிடைப்பது பிரிட்டிஷ் தலை ஒட்டிய சாதாரண உறை, யாருக்கும் அதன் கதை தெரியாது. உள்ளே கடிதம் இருந்தால்தான் உண்டு.

ரேணுகா_திருச்சி

கைதித் தபால் பற்றி ஒரு கேள்வி. எழுதியவரோ அவர் மனைவியோ பிள்ளைகளோ இன்றைக்கும் உயிரோடு இருக்கலாம். முகாமிலிருந்து மகளுக்கு எழுதியதைப் பிரேமில் மாட்டி, பெயர், யூனிட், ஊர் தெரிய இணையத்திலும் போடுகிறோம். 1860-களின் கடிதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையா?

தலைப்பித்தன்

விற்பனைக்கு வந்ததைத்தானே வாங்குகிறோம். நாம் வாங்காவிட்டால் கரையான் வாங்கும்.

ஃபீல்டுபோஸ்ட்

வாங்குவதில் தப்பில்லை, காட்டுவதில்தான் கவனம் வேண்டும். நான் செய்வது இது: உறையின் முன், பின் இரண்டையும் காட்டுவேன், பெயர் மேல் ஒரு துண்டுத் தாள் வைத்து ஸ்கேன் செய்வேன். உள்ளே இருப்பதில் தேதியும் இடமும் வழியும் சொல்லும் வரிகளை மட்டும் எழுதுவேன், குடும்ப விஷயம் வெளியே வராது. நடுவர் கேட்டால் நேரில் காட்டலாம். ஒருமுறை ஒரு லாட்டில் ஒரே குடும்பத்துக் கடிதங்கள் கட்டாக வந்தன, அதைப் பிரித்து விற்கச் சொல்லி நச்சரித்தார்கள். பிரிக்கவில்லை. பிரித்தால் அஞ்சல் வரலாறும் போய்விடும், அது வேறு விஷயம்.

கோவை_கவர்

ரங்பூர் உறையின் பெரிதாக்கிய படமும் பின்பக்கமும் வந்துவிட்டன. இணைத்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தேதி முத்திரை ஊதாவின் மேலே ஏறித்தான் போகிறது. பின்னால் டாக்கா ஜி.பி.ஓ. (தலைமைத் தபால் நிலையம்) முத்திரை, மூன்று நாள் கழித்து. ரிஜிஸ்டர் சீட்டில் ரங்பூர் என்று அச்சு, எண் பேனாவில்.

முத்திரை_மூர்த்தி

எனக்கும் அப்படியே தெரிகிறது. மூன்று தலையில் இரண்டில் குத்து தலைக்குள்ளேயே நிற்கிறது, ஒன்றில் மட்டும் வழிகிறது. அந்த ஒன்று அனுப்பியவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையாக இருக்கலாம், குமாஸ்தா ஒட்டிய பின் குத்தியிருப்பார். மூன்று குத்தும் ஒரே ரப்பர் தானா என்று ஆங்கில 'D' எழுத்தின் உடைந்த இடத்தைப் பாருங்கள், மூன்றிலும் உடைந்திருக்கிறது. எழுதுகிறபோது 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள். வாங்குங்கள், ஆனால் கேட்ட விலைக்கு அல்ல. மேல் ஓரம் கிழிந்திருப்பதைச் சொல்லிக் குறையுங்கள். அந்தக் கிழிசலை டேப் போட்டு ஒட்டும் புண்ணியவானாக மட்டும் மாறிவிடாதீர்கள்.

பழைய_இன்லேண்ட்

டேப் மட்டுமா, லேமினேஷனும்! போன வாரம்கூட ஒருவர் எஃப்.பி.ஓ. உறையை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார், பாதுகாப்பாம். பாலியெஸ்டர் கவர், அமிலம் இல்லாத தாள், கொஞ்சம் காற்றோட்டம், அவ்வளவு போதும். நம் ஊர்க் கடற்கரை ஈரத்துக்கு சிலிக்கா பொட்டலம் ஒன்று.

ஃபீல்டுபோஸ்ட்

மழைக்காலம் முடிகிறவரை இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவை_கவர்

விலை குறைத்துக் கேட்டேன், ஒத்துக்கொண்டார். லாட்டை விட்டுவிட்டேன். பரணையும் இறக்கிப் பார்த்தேன், தாத்தாவின் ஜவுளிக்கடைக் கடிதக் கட்டில் சிவப்பு அகதி நிவாரணத் தலை ஒட்டிய உறைகள் நிறைய இருக்கின்றன. ஈரோடு, கரூர், சூரத் எல்லாம் உண்டு. பெங்களூரிலிருந்து வந்த ஒன்றில் மேலச்சு மற்றவை போல இல்லை, கையால் குத்தியது போல் கோணலாக இருக்கிறது. 1971 நவம்பர் கடைசி வாரத் தேதி.

ரேணுகா_திருச்சி

அதைத் தொடாதீர்கள், கழற்றாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்! பெங்களூர் உள்ளூர்க் குத்தாக இருக்கலாம், ஆனால் இதிலும் போலிகள் உண்டு. அன்றைக்கு வியாபாரக் கடிதத்தில் வந்தது என்பது பெரிய பலம். முன், பின் இரண்டையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து போடுங்கள். ஈரோடு, கரூர் உறைகள் இரட்டிப்பாக இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு சர்வீஸ் தலை ஒட்டிய கலெக்டர் ஆபீஸ் உறைகள் தருகிறேன்.

தலைப்பித்தன்

சூரத் உறை எனக்கு. அகதி நிவாரணம் சேராது என்று சொன்னது சொன்னதுதான், மாற்றிக்கொள்ளவில்லை. அந்த சூரத் முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.